விவாதமா, சம்பவமா, விசாரணையா? ஆங்கில வகுப்பில் தொழில்நுட்பத்தின் நியாய அநியாயம் பேசுவது எப்படி

"டெக்னாலஜி நல்லதா, கெட்டதா?" என்று ஆங்கிலத்தில் போர்டில் எழுதிவிட்டுத் திரும்புகிறீர்கள். எதிரே பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். முதல் பெஞ்சில் ஒரு கை உயர்கிறது. "டெக்னாலஜி ஹேஸ் மெனி அட்வான்டேஜஸ் அண்ட் மெனி டிஸ்அட்வான்டேஜஸ், மிஸ்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். அடுத்தவள் அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்கிறாள். மூன்றாவது ஆள் எழுந்திருக்கவே இல்லை. பீரியட் முடிய இன்னும் 35 நிமிடம் இருக்கிறது.

இதே பிள்ளைகள் இடைவேளையில் தங்கள் மொழியில் பேசுவதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். யாருடைய போட்டோவை யார் கேட்காமல் குரூப்பில் போட்டது, அழிக்கச் சொன்னபோது என்ன பதில் வந்தது, அம்மா போனை வாங்கிப் பார்ப்பது சரியா தவறா என்று ஒரு குட்டி நீதிமன்றமே நடந்துகொண்டிருக்கும். கருத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆங்கிலத்துக்குள் வரும்போதுதான் அது வற்றிப்போகிறது.

தொழில்நுட்பம் மனிதர்களுக்கு என்ன செய்கிறது, அதில் எது நியாயம் எது அநியாயம் என்பதை ஆங்கிலம் கற்கும் டீன் ஏஜ் பிள்ளைகளோடு பேச நினைக்கும் ஆசிரியருக்கு நாலைந்து வழிகள் இருக்கின்றன. முறையான விவாதம் நடத்தலாம். உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்து அலசலாம். ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து விசாரணை நடத்தலாம். அவரவர் போனையே பாடமாக்கலாம். இப்போது சாட்பாட் ஒன்றோடு பேசவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன், சிலதில் நன்றாகச் சொதப்பியும் இருக்கிறேன்.

ஒவ்வொன்றையும் எடைபோட எனக்கு ஒரே தராசுதான். பிள்ளை யோசிக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அந்த முறை எவ்வளவு ஆங்கிலத்தைக் கேட்கிறது? நிறையக் கேட்டால், ஏற்கெனவே ஆங்கிலம் தெரிந்த மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்கள்.

விவாதம்: அழகான மேடை, குறுகலான வாசல்

பெரும்பாலான ஆசிரியர்களின் கை முதலில் போவது விவாதத்துக்குத்தான். ஏற்பாடு சுலபம். ஒரு தலைப்பு, இரண்டு அணி, ஒரு கடிகாரம். சத்தம் வரும், உற்சாகம் இருக்கும், வெளியிலிருந்து யாராவது பார்த்தால் வகுப்பு உயிரோடு இருப்பதாகத் தெரியும்.

மொழி அளவுகோலை எடுத்துப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட பொது அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். பி1 படியில் இருப்பவர் தன் கருத்துக்குச் சுருக்கமாகக் காரணம் சொல்வார். ஒரு பிரச்சினையில் பல வழிகளின் சாதக பாதகங்களை விளக்கித் தன் நிலைப்பாட்டைச் சொல்வது அடுத்த படியான பி2-இல்தான் வருகிறது. விவாதம் கேட்பது அச்சு அசலாக அந்த பி2 வேலையை. அதற்கு மேல், எதிரணி சொன்னதைக் கேட்ட வேகத்தில் புரிந்துகொண்டு மறுக்கவும் வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் ஏ2-க்கும் பி1-க்கும் நடுவில் தத்தளிக்கும்போது இது நீச்சல் தெரியாதவரை ஆழத்தில் இறக்கிவிடும் கதைதான்.

விளைவு என்ன? மனப்பாடம். வீட்டில் எழுதி, பெரியவர்கள் திருத்தி, மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். எதிரணி என்ன சொன்னாலும் தயாராக வைத்திருந்த அடுத்த பத்தி வந்து விழுகிறது. இரண்டு ரேடியோக்களை எதிரெதிரே வைத்த மாதிரி இருக்கும்.

நியாய அநியாயக் கேள்விக்கு விவாதம் இன்னொரு கெடுதலும் செய்கிறது. ஜெயிக்க வேண்டும் என்று வந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. "எனக்கு இது பாதி சரி, பாதி தவறு என்று தோன்றுகிறது" என்று சொல்லும் பிள்ளை தன் அணிக்கே துரோகி. ஆனால் இந்த மாதிரி விஷயங்களில் நேர்மையான பதில் பெரும்பாலும் அந்தப் பாதி-பாதி பதில்தான்.

விவாதமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பி2-ஐத் தாண்டிய வகுப்புக்கு அது விருந்து. அப்படி நடத்தினால் இன்றைய தலைப்பைவிட ஒரு பழைய தலைப்பை எடுங்கள். இங்கிலாந்தில் 1811-இல் நாட்டிங்ஹாம் பக்கம் நெசவுத் தொழிலாளர்கள் இரவில் புகுந்து பின்னல் இயந்திரங்களை உடைத்தார்கள். லட்டைட்டுகள் என்று பெயர். 1812-இல் இயந்திரத்தை உடைப்பதற்கு மரண தண்டனை என்று சட்டமே வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசினார். அவர்கள் வெறுத்தது இயந்திரத்தையா, அதைக் காட்டிக் கூலியைக் குறைத்ததையா? யாருடைய சொந்த போனும் இதில் மாட்டிக்கொள்ளாது, கோபம் தலைக்கேறாது. அதே சமயம் "வேலை போய்விடுமா" என்ற இன்றைய கேள்வி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

சம்பவம்: நான் முதலில் நீட்டும் வழி

பெரிய தலைப்பை விட்டுவிட்டு, நடந்த ஒரு சின்ன விஷயத்தை மேஜைமேல் வைப்பது இந்த முறை. "செயற்கை நுண்ணறிவு ஆபத்தானதா" என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்த ஆளுக்கு இப்படி நடந்தது, யார் பொறுப்பு" என்று கேட்பது.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நான் கண்ட சம்பவங்களிலேயே சட்டென்று பற்றிக்கொள்வது 2020-இல் இங்கிலாந்தில் நடந்தது. கொரோனாவால் பள்ளி இறுதித் தேர்வுகள் ரத்து. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவருக்கும் என்ன கிரேடு கிடைத்திருக்கும் என்று மதிப்பிட்டு, தரவரிசையும் போட்டு அனுப்பினார்கள். தேர்வுகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்குவால் என்ற அரசு அமைப்பு அதை ஓர் அல்காரிதத்துக்குள், அதாவது கணினி போடும் கணக்குக்குள், போட்டது. அந்தப் பள்ளியின் பழைய ரிசல்ட்டுகள் அதில் பெரிய பங்கு வகித்தன. ஆகஸ்ட் 13-ஆம் தேதி ஏ லெவல் என்ற அந்தப் பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வந்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 39 கிரேடுகள் ஆசிரியர் சொன்னதைவிடக் குறைந்திருந்தன. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் மதிப்பீட்டையே எடுத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட வகுப்புகள் அதிகம் இருந்தது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நாலே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, அரசு பின்வாங்கி ஆசிரியர் கொடுத்த கிரேடையே ஏற்றுக்கொண்டது.

இதை எளிய ஆங்கிலத்தில் 150 வார்த்தைக்குள் எழுதி, ஒரு தாளில் கொடுத்துவிடுவேன். கேள்வி ஒன்றே ஒன்று: உன் சீனியர்கள் வாங்கிய மார்க்கை வைத்து உனக்கு மார்க் போட்டால்?

ஒருமுறை இதைக் கொடுத்தபோது பின் பெஞ்சில் ஒருவன், ஆங்கில வகுப்பில் வாயே திறக்காதவன், தாளைப் படித்து முடித்ததும் எழுந்துவிட்டான். "மிஸ், இது எப்படி மிஸ் நியாயம்? எங்க அண்ணன் பெயிலானா நானும் பெயிலா?" சரி, இதை ஆங்கிலத்தில் சொல் என்றேன். நின்றான். உதடு அசைந்தது. "மை பிரதர்... ஹிஸ் மார்க்... நாட் மை மார்க்." இலக்கணம் உடைந்திருந்தது, ஆனால் வாதம் முழுதாக இருந்தது. அல்காரிதத்தை எதிர்த்து நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதியதன் சாரம் அந்த ஏழு வார்த்தைக்குள் அடங்கிவிட்டது.

சம்பவத்துக்கு மொழிப்பக்கத்தில் ஒரு பெரிய லாபம் உண்டு. வேண்டிய சொற்கள் தாளிலேயே இருக்கின்றன. கிரேடு, ரேங்க், ரிசல்ட், அன்ஃபேர். மாணவன் அவற்றைத் தேடி அலைய வேண்டாம், எடுத்து அடுக்கினால் போதும்.

அப்புறம் இலக்கணம். நியாய அநியாயம் பேசுவதற்கென்றே ஆங்கிலத்தில் ஓர் அமைப்பு இருக்கிறது: "ஷுட் ஹேவ்", "ஷுடன்ட் ஹேவ்". செய்திருக்க வேண்டும், செய்திருக்கக் கூடாது. பாடப்புத்தகத்தில் இது கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியாக வரும். "நான் குடை எடுத்து வந்திருக்க வேண்டும்" என்கிற ரகம். எந்தப் பிள்ளைக்கும் அந்தக் குடைமேல் அக்கறை கிடையாது. கிரேடு சம்பவத்தில் அதே அமைப்பு தானாக வேண்டியிருக்கிறது. அரசு முன்னாலேயே சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். ஆசிரியர்களைக் கேட்டிருக்க வேண்டும். பழி சொல்லவும் வருத்தப்படவும் உள்ள இலக்கணத்தை, உண்மையில் பழி சொல்ல வேண்டிய இடத்தில் கற்றுக்கொண்டால் மறக்காது.

மொழி இன்னும் குறைவான வகுப்பு என்றால் எண்ணே பேசும் சம்பவத்தை எடுக்கலாம். 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. இரண்டு எண்ணையும் போர்டில் எழுதிவிட்டு "ஒய்?" என்று மட்டும் கேட்டால் போதும். "மோர் தேன்", "பிகாஸ்" இரண்டும் தெரிந்தால் பேசிவிடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. நிறம் பற்றிய பேச்சு உங்கள் வகுப்பில் யாரையாவது கேலிக்கு உள்ளாக்கும் என்று தோன்றினால் இதைத் தொடாதீர்கள். யார் முகத்தையும் உதாரணம் காட்டவிடாதீர்கள்.

கற்பனைத் தர்மசங்கடங்களும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். பிரேக் பிடிக்காத வண்டி, ஒரு பக்கம் ஐந்து பேர், மறு பக்கம் ஒருவர், எந்தப் பக்கம் திருப்புவது? பிரிட்டிஷ் தத்துவவாதி ஃபிலிப்பா ஃபூட் 1967-இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய புதிர் இது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் இதைத் தானியங்கி காருக்கு மாற்றி இணையத்தில் விட்டார்கள். உலகம் முழுவதிலுமிருந்து சுமார் 4 கோடி முடிவுகள் குவிந்தன, 2018-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஆய்வாக வந்தது. படம் பார்த்து ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்பதால் மொழிச்சுமை மிகக் குறைவு. தொடக்கநிலை வகுப்புக்குப் பத்து நிமிட சூடேற்றலாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இழுத்தால் விளையாட்டாகிவிடுகிறது. பாட்டியா, பூனையா என்று சிரிப்பு. வகுப்பில் யாரும் அந்த இடத்தில் நிற்கப்போவதில்லை என்பது அவர்களுக்கே தெரியும். கிரேடு வாங்கும் இடத்தில் எல்லோரும் நிற்கிறார்கள்.

சம்பவ முறையின் குறை ஆசிரியருக்குத்தான். தேட வேண்டும், சரிபார்க்க வேண்டும், எளிமையாகத் திருப்பி எழுத வேண்டும். ஒரு நல்ல தாள் தயாரிக்க எனக்கு ஒரு மாலை முழுக்கப் போய்விடும். எழுதும்போதே நம் தீர்ப்பை உள்ளே நுழைத்துவிடும் ஆசையும் வரும். என் முதல் தாளில் "அநியாயமாக" என்ற வார்த்தை இரண்டாவது வரியிலேயே இருந்தது. பிள்ளைகள் புத்திசாலிகள், மிஸ்ஸுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று அந்த ஒரு வார்த்தையில் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றைக்கு எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

விசாரணை: முகமூடி கொடுக்கும் தைரியம்

கூச்சம் அதிகமுள்ள வகுப்பில் சம்பவத்தைவிட நன்றாக வேலை செய்வது பாத்திரம் கொடுப்பது. தவறான ஆங்கிலம் பேசியது நான் இல்லை, அந்த கம்பெனி அதிகாரி என்று மனசு சொல்லிக்கொள்ளும். இந்த வயதில் அந்த ஒரு அடி தூரம் பெரிய நிம்மதி.

இதற்குக் கைவசம் இருக்கும் நல்ல விஷயம் ஆஸ்திரேலியச் சட்டம். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்காமல் நிறுவனங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2024 நவம்பரில் அங்கே சட்டம் நிறைவேறியது, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. மீறும் நிறுவனத்துக்கு 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது.

கடைசி வரியை நான் முதலில் சொல்வதில்லை. யாருக்குத் தண்டனை என்று ஊகிக்கச் சொல்வேன். பெரும்பாலும் "எங்களுக்குத்தான்" என்றுதான் வரும். அது இல்லை என்று தெரிந்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு. அந்தச் சலசலப்பிலேயே பொறுப்பு என்பது யாருடையது என்ற கேள்வி பிறந்துவிடுகிறது.

பாத்திரங்கள் ஐந்து போதும்: பதினைந்து வயதுப் பெண், அவள் அப்பா, நிறுவனத்தின் பிரதிநிதி, சட்டம் கொண்டுவந்த உறுப்பினர், பக்கத்தில் நண்பர்களே இல்லாமல் ஆன்லைன் நட்பை மட்டும் நம்பியிருக்கும் ஒரு பையன். அந்த ஐந்தாவது பாத்திரத்தை விட்டுவிடாதீர்கள். அவன் இல்லாவிட்டால் விசாரணை "பெரியவர்கள் சரி" என்று பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் அவர் யார், என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார் என்று மூன்று வரி. கீழே நாலு வாக்கியத் தொடக்கங்கள்: "ஐ ஆம் வொரீட் தட்...", "இட் இஸ் நாட் ஃபேர் டு...", "வாட் அபவுட்...", "இஃப் யூ டூ திஸ்...". பேச்சு முட்டி நிற்கும் இடத்தில் பிள்ளைகள் அட்டையைப் பார்ப்பார்கள், ஒரு தொடக்கம் கிடைக்கும், மீதி தானாக வரும்.

இந்த முறையில் நான் சறுக்கிய இடம் நிறுவனத்தின் பிரதிநிதி. யாருக்குக் கொடுத்தாலும் சினிமா வில்லனாக்கிவிடுவார்கள். சிரிப்பு, உருட்டும் கண்கள், "ஐ வான்ட் மணி". ஒரு வகுப்பில் அந்தப் பையன் கோட்டுக்குப் பதில் ரெயின்கோட்டையே போட்டுக்கொண்டு வந்தான். ரசித்தோம், ஆனால் பேச்சு அங்கேயே படுத்துவிட்டது. இப்போது அந்த அட்டையில் ஒரு வரி கூடுதலாக எழுதுகிறேன்: "உங்களுக்கும் 14 வயதில் மகள் இருக்கிறாள்." அந்த ஒரு வரிக்குப் பிறகு வில்லன் வருவதில்லை.

நேரக்கணக்கில் விசாரணை விலை அதிகம். ஒரு பீரியடில் முடியாது, இரண்டு வேண்டும். நாற்பது பேர் வகுப்பில் ஐந்து பாத்திரம் என்றால் மற்றவர்கள் என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. ஒரே பாத்திரத்தை நாலைந்து பேர் கொண்ட குழுவுக்குக் கொடுத்து, சேர்ந்து தயாரித்து, ஒருவர் பேச மற்றவர் காதில் சொல்லிக்கொடுக்கலாம். அல்லது ஐந்து பேராகப் பிரித்து எட்டு விசாரணைகளை ஒரே நேரத்தில் ஓடவிடலாம்; சந்தைக்கடை மாதிரி இருக்கும், ஆனால் எல்லோரும் பேசுவார்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். சத்தத்துக்கு வரும் புகாரைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

சொந்த போன்: மிக அருகில், கொஞ்சம் அதிகமாகவே

ஒரு வாரம் போன் பார்த்த நேரத்தைக் குறித்து வரச்சொல்லி வகுப்பில் பேசவைக்கும் பாடம் பலருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. போனே இல்லாத பிள்ளை, வீட்டுக்கு ஒரே போன் உள்ள பிள்ளை, ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருப்பதை யாரிடமும் சொல்ல விரும்பாத பிள்ளை மூன்று பேருமே அந்த வகுப்பில் இருப்பார்கள். அந்தரங்கம் பற்றிப் பேசவந்த பாடம் அந்தரங்கத்தைத் திறந்து காட்டச்சொல்வது என்ன நியாயம்? எண்களும் பெரும்பாலும் பொய்யாகத்தான் வரும். ஆசிரியர் போலீஸ் ஆகிவிடுவார்.

அதே பொருளைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால் அருமையான பாடம். பிள்ளையை ஆராயாதீர்கள், ஆப்பை ஆராயச் சொல்லுங்கள். ஒரு கணக்கைத் தொடங்க எத்தனை படி, அதையே அழிக்க எத்தனை படி? குழுவுக்கு ஒரு போன் போதும். ஆசிரியருடைய போனாக இருந்தாலும் சரி. "ஃபர்ஸ்ட் யூ கோ டு செட்டிங்ஸ், தென் யூ டேப்..." என்று ஏ2 மாணவனும் வரிசையாகச் சொல்லலாம். ஒரு குழு அழிக்கும் பட்டனைத் தேடிப் பதினோராவது தட்டலில் கண்டுபிடித்துக் கைதட்டியது இன்னும் நினைவிருக்கிறது. திறக்க மூன்று, மூட பதினொன்று. ஏன் என்று நான் கேட்கவே தேவைப்படவில்லை.

அங்கிருந்து முடிவில்லாமல் உருளும் திரைக்குப் போகலாம். 2006-இல் அதை வடிவமைத்த ஏசா ராஸ்கின் பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். ஒரு பொருளைச் செய்தவர் அதன் விளைவுக்கு எவ்வளவு தூரம் பொறுப்பு? இது பி1 பிள்ளைகளாலும் தொடக்கூடிய கேள்வி, ஏனென்றால் அந்தத் திரையை இன்று காலைதான் விரலால் தள்ளிவிட்டு வந்திருப்பார்கள்.

சாட்பாட் துணை

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வெட்கப்படும் பிள்ளைக்கு ஒத்திகை பார்க்க நல்ல துணை, சலிக்காமல் கேட்கும். ஆனால் அது பேசும் ஆங்கிலம் நீளமாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் பிள்ளை தன் சின்ன வாக்கியத்தை விட்டுவிட்டு அதன் வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறது. எது சொன்னாலும் "நல்ல கருத்து" என்று தட்டிக்கொடுக்கும் ஆளோடு நியாயம் பேச முடியாது. பேசுபொருளாக வைத்துக்கொள்வதே மேல். 1966-இல் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற எளிய உரையாடல் நிரலை வெளியிட்டார். அது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்திருந்த அவருடைய செயலாளரே, அதோடு கொஞ்சம் பேசியதும் "நீங்கள் வெளியே போங்கள்" என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். ஏன் அப்படிக் கேட்டிருப்பார் என்ற கேள்வி ஒன்றே அரை பீரியட் ஓடும்.

எந்த வகுப்புக்கு எது

புதிய வகுப்பு, யார் எப்படி என்று தெரியாது என்றால் ஆப்பை ஆராயும் வேலையில் தொடங்குங்கள். யாரும் தன் கருத்தைச் சொல்ல வேண்டியதில்லை, எண்ணிச் சொன்னால் போதும். இரண்டு மூன்று வாரம் கழித்து சம்பவம். கூச்சம் விடவில்லை என்றால் அதே சம்பவத்தை விசாரணையாக மாற்றிவிடுங்கள். கிரேடு கதையில் மாணவர், ஆசிரியர், நிரல் எழுதியவர், அமைச்சர் என்று பாத்திரங்கள் தயாராகவே இருக்கின்றன. விவாதம் ஆண்டின் கடைசியில், அதுவும் அவர்களே கேட்டால். என் வகுப்புகளில் இரண்டே இரண்டு முறைதான் கேட்டிருக்கிறார்கள்.

எந்த முறையானாலும் இரண்டு விஷயத்தில் நான் பிடிவாதம். முதலாவது, பேசுவதற்கு முன் மூன்று நிமிடம் தாய்மொழியில் பேச விடுவது. "ஒன்லி இங்கிலீஷ்" என்று கறாராக இருக்கும் பள்ளிகளில் இதைச் சொன்னால் முறைப்பார்கள். ஆனால் யோசனையும் புது மொழியும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால் பிள்ளை யோசனையைத்தான் கீழே போடும். முதலில் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரியட்டும், அப்புறம் எப்படி என்று பார்க்கலாம். இரண்டாவது, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். அது தாய்மொழியில் படித்த பிள்ளைகள். இன்னொரு மொழியில் என்றால் பத்து நொடியாவது விடுங்கள். அந்தப் பத்து நொடி எவ்வளவு நீளம் என்பது வகுப்பின் முன்னால் நின்று பார்த்தால்தான் தெரியும். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே ஜன்னலைப் பார்ப்பேன்.

கடைசியாக ஒரு சம்பவத் தாள் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே அமைந்தது அது. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், கட்டுரையை மனிதர் எழுதினாரா ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல், அதாவது 61 சதவீதம், ஏஐ எழுதியது என்று கருவிகள் தவறாகச் சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அந்தக் கருவிகள் அப்படித் தடுமாறவில்லை. எளிய சொற்கள், எதிர்பார்த்தபடி வரும் வாக்கியம். அதுதான் இயந்திரத்தின் அடையாளம் என்று கருவி கணக்குப் போட்டது.

இதைப் படித்துவிட்டு வகுப்பு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. "அப்போ சிம்பிளா எழுதினா நாம மெஷினா, மிஸ்?" என்று யாரோ கேட்டார்கள். கருவி உன்னைப் பிடித்துக்கொடுத்தால் ஆசிரியருக்கு என்ன எழுதுவாய் என்று கேட்டு, ஐந்து வரி எழுதச் சொன்னேன். ஆண்டு முழுவதும் என்னிடம் பத்து வாக்கியம்கூடப் பேசியிராத ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: "ஐ ரோட் இட் வெரி ஸ்லோ. மெஷின் இஸ் ஃபாஸ்ட். ஹவ் வீ ஆர் சேம்?"

"ஸ்லோ" தவறு, "ஸ்லோலி" வேண்டும். கேள்வி வாக்கியத்தில் "ஆர்" முன்னால் வர வேண்டும். பேனாவைத் திறந்தேன், மூடிவிட்டேன். அடுத்த வாரம் இதே மாதிரி ஆறு பேருடைய வாக்கியங்களைப் பெயர் இல்லாமல் போர்டில் எழுதினோம், அவர்களே திருத்தினார்கள். அவளுடையதைத் திருத்த முதலில் எழுந்தவள் அவளேதான்.